ஆர்விட் கோஸ்கெலா எந்தப் பக்கம் போட்டார்

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் தபால்பெட்டியில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று ஐலா கோஸ்கெலாவுக்கு. மற்றது ஆர்விட் கோஸ்கெலாவுக்கு. இரண்டும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து வந்தவை. இரண்டிலும் வாசகம் ஒன்றுதான்: தாங்கள் தபாலில் அனுப்பிய வாக்குச்சீட்டின் உறைமேல் உள்ள கையெழுத்து எங்கள் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை; நேரில் வந்து உறுதி செய்யாவிட்டால் தங்கள் வாக்கு எண்ணப்படாது.

அன்று வெள்ளிக்கிழமை. வரும் செவ்வாய்க்கிழமை தேர்தல்.

ஐலா வாசலில் நின்றபடியே இரண்டையும் படித்தாள். அவள் மின்வாரியத்தில், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சப்ஸ்டேஷன் ரிலேக்களைச் சோதிப்பவள். பதினாறு வருடமாக அதுதான் வேலை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் தவறு காட்டினால் மீட்டர்கள் கெட்டுவிட்டன என்று அந்தத் தொழிலில் யாரும் நினைக்கமாட்டார்கள். கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

கம்பிகள் எப்போது மாறின என்பதும் உடனே புரிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசை. நடுவில் சோளப்பொரி டப்பா நின்றது. அந்த வீட்டில் அதுதான் மறைப்பு. அம்மா இருந்த காலத்திலிருந்தே தேர்தல் வந்தால் டப்பா மேசை நடுவில் ஏறிவிடும். ஒருவர் எப்படிப் போட்டார் என்பதை இன்னொருவர் பார்க்கக்கூடாது, கேட்கவும் கூடாது. அன்றைக்கு ஆர்விட் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஐலா நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். கடைசியில் இரண்டு உறைகளும் குப்புறக் கிடந்தன. பெயர் ஒரு பக்கம், கையெழுத்துப் போடும் கோடு மறுபக்கம். கைக்குக் கிட்டியதை எடுத்து ஆளுக்கொன்றில் தங்கள் சீட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டு ஒட்டினார்கள். திங்கட்கிழமை அவளே தபாலில் சேர்த்தாள். அந்த வார வெள்ளிக்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை.

ஆக, அவள் பெயர் போட்ட உறைக்குள் இருப்பது அப்பாவின் வாக்கு. அப்பாவின் பெயர் போட்ட உறைக்குள் இருப்பது அவளுடைய வாக்கு.

தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல்.

"ஒரே வீட்டுல ரெண்டு பேர் உறையை மாத்திக் கையெழுத்துப் போட்டுட்டா என்ன பண்றது?"

"தேர்தலுக்குத் தேர்தல் நடக்குறதுதான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுதான் மாறிப்போகலை? ரெண்டு பேரும் வந்து, மாத்திப் போட்டுட்டோம்னு எழுதிக் கொடுத்தா ரெண்டும் செல்லும்."

"ஒருத்தராலதான் வர முடியும்னா?"

"வர்றவங்க தன் பேர் போட்ட உறைக்கு மட்டும் ஒரு படிவம் கொடுக்கலாம். 'இது என் உறை, உள்ள இருக்கறது என் சீட்டு'ன்னு. ஆனா மாறிப்போயிருந்தா உள்ள இருக்கறது அவங்க சீட்டு இல்லையே. அதைச் செல்லாததாக்கிட்டுப் புதுசு வாங்கிக்கணும்."

"அந்த இன்னொருத்தர்... சீட்டை அனுப்புனப்புறம் செத்துப்போயிருந்தா?"

"செத்துட்டார்னு யாரும் தள்ளமாட்டாங்க. போட்ட அன்னிக்கு உசுரோட இருந்தாரில்ல? கையெழுத்துதான் இங்க சிக்கல்."

"சரி. தெரிஞ்சவங்களுக்காகக் கேட்டேன்."

"அந்தத் தெரிஞ்சவங்ககிட்ட, இந்த மார்விஸ் ரொம்ப வருத்தப்பட்டாள்னு சொல்லும்மா, ஐலா. அடக்கத்துக்கு வர முடியலை. தேர்தல் நேரம்."

போனை வைத்துவிட்டு ஐலா சமையலறையில் நடந்தாள். அடுப்பிலிருந்து கதவு வரை ஏழே தப்படி. குளிர்ப்பெட்டி நிறைய, சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சீஸ் உருளைக்கிழங்குத் தட்டுகள். உட்கார முடியவில்லை. ஒழுகும் குழாயைப் பிரித்து வாஷர் மாற்றினாள். மாற்றிய பிறகும் நடந்தாள்.

கணக்கு எளிது. அவள் போய் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அப்பாவின் வாக்கு எண்ணப்படும், அவள் பெயரில். அவளுடையது குப்பைக்குப் போகும். போடாவிட்டால் அப்பா போட்ட கடைசி வாக்கு குப்பைக்குப் போகும். ஆனால் இரண்டு பேரும் ஒரே பக்கம் போட்டிருந்தால்? அப்போது படிவத்தில் இருப்பது பொய்யே ஆனாலும் எண்ணிக்கையில் ஒன்றும் மாறாது. அவள் போட்டதும் அவர் போட்டதும் ஒன்றுதானே என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம்.

பதவிகளுக்கு யார் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். உறுத்தியது அதே சீட்டில் மக்களிடம் கேட்டிருந்த தண்ணீர்க் கேள்வி. ஊரில் அதற்கு அதுதான் பெயர். இனிமேல் திறக்கும் எந்தச் சுரங்கமாக இருந்தாலும், மூடிய பிறகு அதன் தண்ணீரை என்றென்றைக்கும் சுத்தம் செய்துகொண்டே இருக்கவேண்டி வருமானால் அதற்கு அனுமதி கிடையாது. இதைச் சட்டமாக்கலாமா? ஆம் அல்லது இல்லை. மொண்டானா மாநிலம் முழுக்கக் கேட்ட கேள்விதான். ஆனாலும் கெட்டில் கிரீக் ஊரில் அதற்குக் கனம் அதிகம். வடக்குப் பள்ளத்தாக்கில் ஒரு தாமிரச் சுரங்கம் அனுமதிக்குக் காத்திருக்கிறது. மேல்மலையில் ஒரு பழைய சுரங்கம் மூடிக்கிடக்கிறது. அதிலிருந்து கசியும் துருநிறத் தண்ணீருக்குச் சுண்ணாம்பு கலந்து ஓடையில் விடும் நிலையத்தில்தான் ஆர்விட் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தார்.

ஐலா 'இல்லை' போட்டிருந்தாள். காற்றாலை மின்சாரம் ஊருக்கு வர கம்பி வேண்டும். கம்பிக்குத் தாமிரம் வேண்டும். வேலையிடத்து மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மேஸ்திரி தன் தலைக்கவசத்திலேயே 'இல்லை' என்று ஒட்டியிருந்தான். நான்கு நிமிடம் போதுமாயிருந்தது.

அப்பா எந்தப் பக்கம்?

அவர் ஓட்டுப் போடுவதே ஊரில் ஒரு விசேஷம். வாக்காளர் கையேடு வந்த அன்றைக்கே பென்சிலைச் சீவுவார். ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம், எதிர்ப்புக்கு மறுப்பு, அடியில் பொடி எழுத்தில் யார் யார் பணம் கொடுத்தார்கள் என்பது வரை படிப்பார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். நதியில் அணை வேண்டாம் என்று ஒரு கேள்வி வந்தபோது முந்நூறு மைல் ஓட்டிப் போய் அணையைப் பார்த்துவிட்டு வந்தவர். அதனால் தேர்தலுக்கு முந்தின வாரம் அந்த வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அடக்கத்தன்றுகூட, உருளைக்கிழங்குத் தட்டோடு வந்த ஒரு பெண்மணி ஐலாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, காதோரமாகக் கேட்டாள்: "தண்ணிக் கேள்வி பத்தி அப்பா ஏதாவது சொன்னாராம்மா?"

சனிக்கிழமை ஐலா கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். தண்ணீர்க் கேள்வி நான்கு பக்கம். ஓரமெல்லாம் பென்சிலில் கேள்விக்குறி. எண்ணினாள். ஆதரவு வாதத்தில் ஏழு. எதிர்ப்பில் ஏழு. கடைசிப் பக்கத்தில், 'டெல்பர்ட்டைக் கேள்', 'கிப்பைக் கேள்'.

டெல்பர்ட் ஹைன்ஸ் ஓடைக்குக் கீழ்ப்புறம் மாடு வளர்ப்பவர். எழுபத்தாறு வயது. ஐலா போனபோது வேலிக்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்கும்முன் இன்னொரு ஜோடிக் கையுறையை நீட்டினார்.

"பிடி. இழு. பேச்செல்லாம் கையாலயும் பேசலாம்."

அவள் இழுத்தாள். அது சுகமாக இருந்தது.

"அப்பா உங்ககிட்டத் தண்ணிக் கேள்வி பத்திப் பேசினாராமே."

"பேசினானா? மூணு மணி நேரம் என் உசுரை வாங்கினான். நான் 'ஆம்' போடப் போறேன்டா, என் மாடு இந்த ஓடைலதான் குடிக்குதுன்னேன். உடனே உங்கப்பன் சுரங்கக்காரன் வக்கீலாயிட்டான். உன் வண்டில தாமிரம் இல்லையா, உன் வீட்டு மோட்டார்ல இல்லையா, உன் ஊர்ல தோண்டக்கூடாதுன்னா எவன் ஊர்ல தோண்டச் சொல்றேன்னு கேட்டான்."

"அப்ப அவர் 'இல்லை'தானா?"

டெல்பர்ட் இடுக்கியைக் கீழே வைத்தார். "ஏம்மா, உங்கப்பனை உனக்குத் தெரியாதா? எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும். நான் 'இல்லை'ன்னு சொல்லியிருந்தா 'ஆம்' பக்கம் நின்னு அடிச்சிருப்பான். ஒரு தடவையாவது அவன் எப்படிப் போட்டான்னு வாயைத் திறந்திருப்பானா? அவன் வாதாடி வாதாடி எனக்கே முடிவு மாறிப்போய், கடைசில சீட்டைத் தூக்கி அடுப்புல போட்ட வருஷமும் உண்டு. என் பொண்டாட்டி சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினா."

"இந்த வருஷம் என்ன போட்டீங்க?"

"அதைக் கேட்காதே. அது மட்டும் அவன்கிட்டக் கத்துக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் கோட்டுப் பைகளைத் துழாவினாள். கைக்குட்டை, மாத்திரை, பென்சில் துண்டு. ஆம் என்றும் இல்லை என்றும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைப்பார் என்று தேடினதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல்மலை நிலையத்துக்குப் போனாள். சிறுவயதில் அப்பாவோடு பத்துப் பதினைந்து தடவை வந்திருப்பாள். தொழில் கற்ற பிறகு வந்ததே இல்லை. கிப் தனியாக ஷிஃப்டில் இருந்தான். நாற்பது வயது, அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தவன். அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்தான். அவள் உட்காரவில்லை.

"கிப், அப்பா இங்க வந்தாரா? ஓட்டுக்கு முன்னாடி?"

"வந்தாரே. அந்தச் சிலிண்டரை உருட்டிக்கிட்டு. நான் கீழ போய்க் கூட்டிட்டு வந்தேன். படி ஏற அரைமணி நேரமாச்சு. 'கிப், நீ எந்தப் பக்கம்?'னார். நான் 'இல்லை'ன்னேன். வடக்குப் பள்ளத்தாக்குல சுரங்கம் வந்தா என் மச்சானுக்கு வேலை. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டார். 'இருநூறு வருஷம் கழிச்சு இந்த நாற்காலில எவன் உக்காந்திருப்பான், பேர் சொல்லு பார்ப்போம்'னார்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தைச் சொல்ல? என் பேரனோட பேரனுக்குப் பேரன் இருப்பான், அவனும் உங்களை மாதிரி ஒரு கிழவன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிப்பான்னேன். சிரிச்சார். சிரிச்சு இருமல் வந்துடுச்சு." கிப் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அப்பறம் தண்ணியப் பார்த்துக்கிட்டே நின்னார்."

டெல்பர்ட்டிடம் ஒரு பக்கம், கிப்பிடம் மறுபக்கம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. ஐலாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

"மின்பலகையைப் பார்க்கலாமா?" என்றாள். வேறு எதையாவது பார்க்கவேண்டும் போலிருந்தது.

பம்ப் அறையில் மூன்று பம்புகள். ஒன்று ஓடியது. ஒன்று காத்திருந்தது. ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தது. பலகையைத் திறந்தாள். பழைய ரிலேக்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் சோதித்த தேதியும் அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதியும் இருந்தன. ஒன்றுக்குத் தேதி கடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"இதைச் சொல்லிட்டியா?"

"ரெண்டு தடவை எழுதிப் போட்டாச்சு. வருவாங்க."

"கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கசிவு சேர்ற குட்டை நிரம்பி ஓடைல வழியப் பதினாலு மணி நேரம். அந்த மின்னல் விழுந்த வருஷம் பதினொரு மணி நேரம் கரண்ட் இல்லை. உங்கப்பா இங்கேயே படுத்துக் கிடந்தார். நீ ஸ்கூல்ல படிச்சிட்டிருந்திருப்பே."

"இதை எது வரைக்கும் ஓட்டணும்?"

கிப் தோளைக் குலுக்கினான். "அனுமதிப் பத்திரத்துல போட்டிருக்கு. என்றென்றைக்கும்."

அவள் பலகையின் கதவைப் பிடித்தபடி நின்றாள். பதினாறு வருடத்தில் எத்தனையோ சான்றுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆறு வருடத்துக்கு நல்லது. நான்கு வருடத்துக்கு நல்லது. மழைக்காலம் தாண்டும்வரை நல்லது. என்றென்றைக்கும் நல்லது என்று எந்தப் பெட்டிக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. அப்படி எழுதினவனை மறுநாள் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கையேட்டில் அந்த வார்த்தை நான்கு இடத்தில் இருந்தது. அவள் அதைத் தாண்டித்தான் போயிருந்தாள். அப்பாவும் அந்த இடத்தில் பென்சில் வைக்கவில்லை. தெரிந்த விஷயம் என்று விட்டாரோ, அல்லது அது அவருக்குப் பெரிதாகப் படவே இல்லையோ. இருபத்தொன்பது வருடம் ஓட்டிக்காட்டியவருக்கு, இன்னொருவனும் ஓட்டுவான் என்று தோன்றியிருக்கலாம். அந்தத் தண்ணீரில் சம்பாதித்துத்தான் அவளைப் படிக்க வைத்தார்.

தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

மலையிறங்கும்போது அவளை உறுத்தியது வேறொன்று. அவர் ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு இந்தப் படியெல்லாம் ஏறியிருக்கிறார். அவள் அந்த வாரம் முழுக்க இதே மலையடிவார சப்ஸ்டேஷனில்தான் வேலை பார்த்தாள்.

திங்கட்கிழமை மதியம் மாவட்ட அலுவலகம். வரிசையில் ஆறு பேர். அவள் முறை வந்தபோது மார்விஸ் எழுந்து, முகப்பு மேசைக்கு மேலாகவே கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தாள். அறுபது வயது, கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. பிறகு இரண்டு உறைகளையும் ஒரு படிவத்தையும் எடுத்து வைத்தாள். அவளுடைய பெயர் போட்ட உறையின் மறுபக்கம் அப்பாவின் கையெழுத்து. சாய்ந்து, நடுங்கி, கடைசி எழுத்துக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. உறை ஒட்டித்தான் இருந்தது. ஐலா அதைத் தொடவில்லை.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும்," என்றாள் மார்விஸ். படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். பேனாவையும் வைத்தாள். "என்கிட்ட விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். கையெழுத்து மாறினதுக்குக் கை வலின்னு எழுதினாக்கூடப் போதும்."

ஐலா பேனாவை எடுத்தாள். உள்ளே இருக்கும் சீட்டு என்னுடையது என்று அச்சிட்டிருந்தது. ஒரு கோடு இழுத்தால் அவர் படியேறினது வீண் போகாது. பின்னால் வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

"மார்விஸ், இதுக்குள்ள இருக்கறது என் சீட்டு இல்லை. அப்பாவோடது."

"காதுல விழலை." மார்விஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இங்க ஒரே சத்தம். யோசிச்சு, இன்னொரு தரம் சொல்லும்மா."

அங்கே சத்தம் எதுவும் இல்லை.

"இது என் சீட்டு இல்லை," என்றாள் ஐலா. "அவர் என்ன போட்டார்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு என் பேர் போட முடியாது."

மார்விஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு உறைகளின் மீதும் 'செல்லாது' முத்திரையைக் குத்தினாள். மெதுவாகத்தான் குத்தினாள். புதுச் சீட்டை அச்சடித்துக் கொடுத்து, மூலையில் இருந்த மறைப்பு மேசையைக் காட்டினாள்.

ஐலா உட்கார்ந்தாள். நிதானமாக உட்கார்ந்தது மூன்று நாளில் இதுதான் முதல் தடவை. பையிலிருந்து கையேட்டை எடுத்து நான்கு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தாள். தாமிரம் வேண்டும் என்பது உண்மை. இங்கே தோண்டாவிட்டால் வேறு எங்காவது, யாருடைய ஓடைக்கு மேலாவது தோண்டுவார்கள் என்பதும் உண்மை. அப்பா டெல்பர்ட்டைக் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு யாராலும் சான்று எழுத முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. 'ஆம்' என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தை நிரப்பினாள். அப்பா 'இல்லை' போட்டிருந்தால், அவர் இல்லாத மேசையில் உட்கார்ந்து அவருக்கு எதிராக வாக்களித்தவள் ஆகிறாள். இருக்கட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் இருந்திருந்தாலும் அப்படித்தான்.

உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மார்விஸ் கையெழுத்தைத் திரையில் ஒப்பிட்டுப் பார்த்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"ஐலா, ஒண்ணு கேக்கணும். உங்கப்பா பேரைப் பட்டியல்லேர்ந்து எடுக்கணும். இப்பவே எடுத்துடவா, தேர்தல் முடிஞ்சு எடுக்கவா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சில பேர், ரெண்டு நாள் இருக்கட்டும்பாங்க."

"இருந்தா என்ன ஆகும்?"

மார்விஸ் திரையை அவள் பக்கம் திருப்பினாள். ஆர்விட் கோஸ்கெலா. தேர்தல் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வாக்களித்தார்'. பள்ளிக்குழுத் தேர்தல், தீயணைப்பு வரி, எல்லாவற்றிலும்.

"நாளைக்குத் தேர்தலும் இதுல ஒரு வரியா ஏறும். சீட்டு செல்லாததால 'வாக்களிக்கவில்லை'ன்னு விழும்."

"இப்ப எடுத்தா?"

"இதுதான் கடைசி வரி. போன தேர்தலோட நிக்கும்."

"இப்பவே எடுங்க," என்றாள் ஐலா.

மார்விஸ் தட்டச்சுப் பலகையை இழுத்தாள். இறந்த தேதி கேட்டாள், ஐலா சொன்னாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஐலா முகப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயர் திரையிலிருந்து போகும்வரை நகராமல் நின்றாள்.